மதுரையின் கடைவீதிகளும் மரபுச் சொத்தே

மதுரையின் பழைய நகரம் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த சதுர வீதிகளால் ஆனது. கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி. அதையடுத்து ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. நாயக்கர் ஆட்சிக் காலத்தில் இந்த அமைப்பு செம்மைப்பட்டது. சாமி புறப்பாட்டுக்கு ஏற்ற அகலத்திலும் திருப்பங்களிலும் வீதிகள் அமைந்தன. சாமி வலம்வந்த வீதிகளிலேயே வணிகர்களும் கடை விரித்தார்கள். நகை, துணி, பாத்திரம், மளிகை என்று ஒவ்வொரு தொழிலும் தனக்கென ஒரு வீதியைப் பிடித்துக்கொண்டது. பல தலைமுறைகளாக அங்கேயே நிலைத்தும் விட்டது.

ஆகவே மதுரையில் பார்க்க வேண்டிய இடங்கள் ஒரு பக்கம், பொருள் வாங்கும் இடங்கள் வேறு பக்கம் என்று பிரிப்பது பொருந்தாது. ஆனால் சுற்றுலா ஏற்பாடுகள் அப்படித்தான் பிரிக்கின்றன. காலையில் கோயில், பிறகு திருமலை நாயக்கர் மகால், மாலையில் வண்டியை நிறுத்த இடமுள்ள ஒரு பெரிய கடை என்று பயணம் முடிந்துவிடுகிறது. நகர நிர்வாகமும் இதே கண்ணோடுதான் பார்க்கிறது. கோபுரம் மரபுச் சின்னம் ஆகிறது, அதன் நிழலில் உள்ள சிறுகடை ஆக்கிரமிப்பு ஆகிறது. இந்தப் பார்வை மாற வேண்டும். மதுரையின் கடைவீதி அதன் கோபுரத்தைப் போலவே பழமையானது, பாதுகாக்கத் தக்கது.

இதற்கான சான்று இலக்கியத்திலேயே இருக்கிறது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி இந்நகரின் பகல்நேரச் சந்தையான நாளங்காடியையும் இரவுச் சந்தையான அல்லங்காடியையும் விரிவாகக் காட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மணிக்கடைத் தெரு, பொற்கடைத் தெரு, துணிக்கடைத் தெரு, தானியக்கடைத் தெரு எனச் சுற்றிப் பார்க்கிறான். காப்பியத்தின் திருப்பமே ஒரு விற்பனையில்தான் நிகழ்கிறது. மதுரைக் கடைவீதியில் சிலம்பை விற்கப் போனவன் திரும்பவில்லை. பழங்கால மதுரை இன்றைய நகரம் இருக்கும் அதே இடத்தில்தான் இருந்ததா என்பது பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் மதுரை என்றவுடன் கோயிலோடு அங்காடியும் நினைவுக்கு வருவது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வழக்கம்.

கோயிலுக்குள் காண வேண்டியவை ஒரு நாளில் அடங்காதவை. பதினான்கு கோபுரங்களில் தெற்குக் கோபுரமே உயரமானது, சுமார் 170 அடி. ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் உள்ளன. அரியநாத முதலியார் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய இம்மண்டபம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. தூண்களின் நடுவே நின்று எந்தக் கோணத்தில் பார்த்தாலும் வரிசை பிசகாமல் தெரியும். பொற்றாமரைக் குளத்தின் படியில் உட்கார்ந்து தெற்குக் கோபுரத்தைப் பார்ப்பதற்கென்றே நேரம் ஒதுக்கலாம். அவசரமாகத் தரிசனம் முடித்து வெளியேறுபவர்கள் இழப்பது அதைத்தான்.

இந்தக் கோயிலுக்குள்ளும் ஒரு காலம்வரை கடைகள் இருந்தன. வளையல், குங்குமம், பொம்மை, பூசைப் பொருள் என்று விற்ற அந்தக் கடைகள் 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவுடன் முடிவுக்கு வந்தன. கிழக்கு வாசலை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபத்தில் அன்று பிடித்த தீ கடைகளை எரித்ததோடு மண்டபத்தின் கல் மேற்கூரையையும் சரித்தது. அதன் பிறகு கோயிலுக்குள் இருந்த கடைகள் அகற்றப்பட்டன. அந்த முடிவு சரியானது. கல் மண்டபம் தீயின் வெப்பத்தில் வெடித்துவிடும். பிளாஸ்டிக் பொம்மையும் மின்வயரும் அடைந்து கிடந்த இடத்தில் நானூறு ஆண்டுத் தூண்களை நம்பி விட்டிருந்ததுதான் தவறு. பழைய கடைகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று யாரும் வாதாட முடியாது.

புதுமண்டபத்தின் கதை இன்னும் சிக்கலானது. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் வசந்த விழாவுக்காகக் கட்டியது இம்மண்டபம். 124 தூண்கள், ஒவ்வொன்றிலும் சிற்பம். விசுவநாத நாயக்கர் தொடங்கித் திருமலை நாயக்கர் வரையிலான மதுரை நாயக்கர்களின் ஆளுயரச் சிலைகள் நடு வரிசைத் தூண்களில் நிற்கின்றன. இதற்குள் பல தலைமுறைகளாகத் தையற்காரர்கள், புத்தகக் கடைக்காரர்கள், பாத்திரக் கடைக்காரர்கள், வளையல் வியாபாரிகள் தொழில் செய்தார்கள். பஞ்சாங்கம், பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள், சுவாமி படங்கள், குஞ்சம், சலங்கை, சொம்பு, சல்லடை என்று எதைக் கேட்டாலும் அங்கே கிடைத்தது.

தையற்காரர்களின் வரிசைதான் அங்கே தனிச்சிறப்பு. சாமி சிலைகளுக்கான பாவாடை, தேர்ச்சீலைத் தொம்பை, பரதநாட்டிய உடை, நாடக ராஜா உடை எல்லாம் அங்கே தைக்கப்பட்டன. சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டு தண்ணீர் பீய்ச்சுவோர் அணியும் கருப்பசாமி உடையும் நீளக் குல்லாவும் புதுமண்டபத்துத் தையல்தான். திருவிழா நெருங்கும்போது தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்து அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். இந்தத் தையற்காரர்களில் பலர் முஸ்லிம்கள். மீனாட்சி கோயிலின் எதிரே அமர்ந்து இந்து தெய்வங்களுக்கு ஆடை தைப்பதை அவர்கள் தந்தை வழித் தொழிலாகச் செய்தார்கள். மதுரையின் இயல்பை விளக்க இதைவிடச் சிறந்த காட்சி வேறில்லை.

மண்டபத்தை மீட்டுச் சிற்பங்களைக் காக்க வேண்டும் என்பதற்காக இக்கடைகள் அருகில் புதுப்பித்துக் கட்டப்பட்ட குன்னத்தூர் சத்திரம் வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டன. மண்டபத்துக்கு அது நல்லதே. ஆணி அடித்துப் பரண் கட்டி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தூண்களின் சிற்பம் இனி கண்ணுக்குத் தெரியும். ஆனால் தொழிலுக்கு அது நல்லதா என்ற கேள்வி அதே அளவு அக்கறையோடு கேட்கப்பட வேண்டும். கோயிலுக்கு வந்தவர் போகிற போக்கில் நுழைந்து வாங்குவதை நம்பிய தொழில் இது. மாடிக் கட்டடத்தில், வழி கேட்டு ஏறிப் போய் வாங்க வேண்டிய நிலை வந்தால் வாடிக்கை மெல்லக் குறையும். மண்டபத்தின் கல் பழுதுபார்ப்புக்கு ஒதுக்கும் கவனத்தில் ஒரு பங்கை, அந்தத் தையற்காரர் எங்கே இருக்கிறார் என்று வருவோருக்குச் சொல்லும் ஒரு பெரிய தமிழ்ப் பலகைக்காவது ஒதுக்கலாம்.

மண்டபம் ஒன்றை ஊரிலிருந்து பிரித்தால் என்ன எஞ்சும் என்பதற்கு மதுரையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மேலமாசி வீதியில் உள்ள மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த சிற்பத் தூண்களை 1912இல் அமெரிக்கப் பெண்மணி அடலைன் பெப்பர் கிப்சன் விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றிச் சென்றார். இன்று அவை பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் ஒரு மண்டபமாக நிறுத்தப்பட்டுள்ளன. கல் அங்கே நன்றாகவே பாதுகாக்கப்படுகிறது. ஆனால் அந்தத் தூண்களுக்கு இடையே விளக்கேற்ற யாருமில்லை, திருவிழா இல்லை, தேங்காய் பழம் விற்பவர் இல்லை. மதுரையில் இருக்கும் மண்டபங்களையும் அப்படி ஆக்கிவிடக் கூடாது.

சித்திரை வீதிகள் இப்போது வாகனமின்றி நடந்து செல்வதற்கென ஒதுக்கப்பட்டுள்ளன. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. "மாடியில் ஏறிக் கோபுரத்தைப் படம் எடுக்கலாம், இலவசம்" என்று வெளியூர்க்காரரை அழைத்துப்போகும் வழக்கம் இப்பகுதியில் நெடுங்காலமாக உண்டு. மாடியில் கோபுரம் தெரியும் என்பது உண்மைதான். இறங்கும் வழியெல்லாம் வேற்று மாநிலக் கம்பளமும் சால்வையும் விரித்திருக்கும். அழைத்து வந்தவருக்குத் தரகு உண்டு, அதுவும் விலையில்தான் சேரும். மதுரைக்கு வந்து மதுரைப் பொருள் எதையும் வாங்காமல் பலர் திரும்புவது இப்படித்தான்.

ஆவணி மூல வீதிக்கு வந்தால் வணிகம் கனமாகிறது. தெற்காவணி மூல வீதி முழுக்க நகைக்கடைகள். திருமணத்துக்கு நகை எடுக்கத் தென்மாவட்டக் குடும்பங்கள் இன்றும் இங்கே வருகின்றன. பெரிய கடைகளின் கண்ணாடி முகப்புகளுக்குப் பின்னால் உள்ள சந்துகளில் பத்தர்களின் பட்டறைகள் இருக்கின்றன. ஊதுகுழல், குறடு, சிறு தராசு ஆகியவற்றோடு தரையில் அமர்ந்து தாலி உருக்குபவர்களை அங்கே காணலாம். எழுதாணிக்காரத் தெரு, சித்திரக்காரத் தெரு, வெண்கலக்கடைத் தெரு, மஞ்சனக்காரத் தெரு என்று தொழிலின் பெயரைத் தாங்கிய தெருக்கள் இவ்வட்டாரத்தில் நிறைய. சில தெருக்களில் தொழில் போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஓலையில் எழுதுவது நின்ற பிறகு எழுதாணி செய்பவருக்கு வேலை இல்லை. அதைத் தடுத்திருக்க முடியாது. தடுக்கக்கூடிய இழப்புகள் வேறு இருக்கின்றன.

வடக்காவணி மூல வீதியில் இருந்த சென்ட்ரல் மார்க்கெட் அத்தகையது. நகரின் நடுவே காய்கறி விற்ற அந்தச் சந்தை நெரிசலைக் காரணம் காட்டி மாட்டுத்தாவணிக்கு மாற்றப்பட்டது. அது இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வாகன நிறுத்தம் எழுந்துள்ளது. நள்ளிரவில் லாரி லாரியாகக் காய்கறி இறங்கும் மொத்தச் சந்தையை ஊருக்கு வெளியே கொண்டுபோனது தவிர்க்க முடியாதது. ஆனால் சில்லறை வியாபாரத்தின் ஒரு பகுதியையாவது அங்கேயே விட்டிருக்கலாம். கார் நிறுத்துமிடத்தைப் பார்க்க யாரும் மதுரைக்கு வருவதில்லை.

மாசி வீதிகள் அகலமானவை. சித்திரைத் தேரோட்டம் நடப்பது இவ்வீதிகளில்தான். கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரத்துக்குப் பேர் போனது. மிளகாய் வற்றல் மூட்டையின் நெடி தும்மலை வரவழைக்கும். புளி, பருப்பு, மல்லி, வெல்லம் ஆகியவற்றின் விலையை அறியச் சுற்றுவட்டாரக் கடைக்காரர்கள் இங்கே வருகிறார்கள். கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சந்திக்கும் இடத்தில் விளக்குத்தூண் நிற்கிறது. மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து நகரை விரிவாக்கிய ஆட்சியர் பிளாக்பர்னின் நினைவாக 19ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டது அது. இன்று தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தென்மாவட்டத்திலேயே அதிக நெரிசல் உள்ள துணிக்கடைப் பகுதிகளில் ஒன்று இந்த விளக்குத்தூண்தான். விலை சொல்லி, குறைத்துக் கேட்டு, எழுந்து போவதுபோல் போய்த் திரும்பி வந்து வாங்கும் பேரம் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

விளக்குத்தூணிலிருந்து சற்று நடந்தால் பத்துத்தூண். திருமலை நாயக்கர் அரண்மனையின் ஒரு பகுதியைத் தாங்கிய பத்துக் கல்தூண்கள் கட்டடம் அழிந்த பின்னும் ஒரு சந்துக்குள் நிற்கின்றன. தூண்களைச் சுற்றிலும் ஜவுளிக் கடைகள். பலர் அவற்றை நிமிர்ந்து பார்க்காமலே கடந்து போகிறார்கள். அரண்மனையின் பழைய பரப்பை அறிய இந்தத் தூண்களையும், இங்கிருந்து மகால் வரையுள்ள தூரத்தையும் கணக்கில் எடுத்தால் போதும். இப்போது எஞ்சியிருப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு என்பார்கள்.

1636இல் கட்டப்பட்ட அந்த அரண்மனையைத் திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கரே பிரித்தெடுத்துத் திருச்சிக்குப் பொருள்களைக் கொண்டுபோனார். எஞ்சியதை 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு செப்பனிடச் செய்தார். வழவழவென்று சுண்ணாம்புச் சாந்து பூசிய பெருந்தூண்களும் சொர்க்க விலாசத்தின் குவிமாடமும் அந்தப் பழுதுபார்ப்பால் நமக்குக் கிடைத்தவை. பின்னர் நீதிமன்றங்கள் இங்கே நடந்தன. தூண்களில் கைக்கெட்டும் உயரம் வரை பெயர்களைக் கீறி வைத்திருப்பதைப் பார்க்க மனம் வலிக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்கள் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

மகாலைச் சுற்றிய தெருக்கள் சௌராஷ்டிர சமூகத்தினரின் குடியிருப்புகள். நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைபெற்ற நெசவு, சாயத் தொழில் மரபினர் அவர்கள். மதுரைச் சுங்குடிச் சேலை அவர்கள் தந்த கொடை. துணியை மடித்து அளவாகப் புள்ளி குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் துணியை நகத்தால் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் பெண்கள் செய்த வேலை இது. பிறகு சாயத்தில் முக்கி, உலர்த்தி, முடிச்சுகளைப் பிரித்தால் சாயம் ஏறாத இடங்கள் சிறு வளையங்களாகத் தெரியும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுகள், நுணுக்கமான வேலையென்றால் இருபதாயிரம் வரை போகும். 2005இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் இன்று சுங்குடி என்ற பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி அச்சுத் துணி. மெழுகு அச்சு, மர அச்சு, ஸ்கிரீன் அச்சு எல்லாம் அந்தப் பெயரிலேயே வருகின்றன. அச்சு வேலையைக் குறை சொல்வதற்கில்லை. மலிவான, உடுத்த இதமான பருத்திச் சேலை அது. ஆனால் வாங்குபவருக்கு வேறுபாடு தெரிய வேண்டும். கைமுடிச்சுச் சுங்குடியில் வளையங்கள் ஒன்றுபோல் இன்னொன்று இராது, நடுவில் சாயம் சிறிது கசிந்திருக்கும், புள்ளி இருக்கும் இடத்தில் துணி லேசாகச் சுருங்கி மேலெழும்பும், பின்பக்கமும் நிறம் ஏறியிருக்கும். அச்சில் புள்ளிகள் அளவெடுத்தாற்போல் இருக்கும். முடிச்சுப் போடும் கைகள் குறைந்து வருகின்றன, கூலி அந்த உழைப்புக்கு ஈடாக இல்லை. கேட்டு வாங்குபவர்கள் பெருகினால்தான் கூலி உயரும்.

புவிசார் குறியீடு பெற்ற இன்னொரு மதுரைப் பொருள் மல்லிகை. 2013இல் அது கிடைத்தது. திருமங்கலம், உசிலம்பட்டி, நிலக்கோட்டைப் பக்கங்களில் விடியலுக்கு முன் பறிக்கப்படும் மொட்டுகள் மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு வந்து சேர்கின்றன. இதழ் தடிமனாகவும் காம்பு நீளமாகவும் இருப்பதால் கட்டுவதற்கு ஏற்றது, மணமும் நெடுநேரம் நிற்கும். மார்கழிப் பனியில் பூ குறையும்போதும் முகூர்த்த நாள்களிலும் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறும். வரத்து மிகுந்த நாளில் பறிகூலிக்கும் கட்டாத விலைக்கு இறங்கும். அதிகாலையில் அந்தச் சந்தைக்குப் போய் நிற்பது மதுரையின் எந்தக் கட்டடத்தைப் பார்ப்பதற்கும் குறைந்த அனுபவமல்ல.

வெளி வீதிகளில் கோட்டையின் வரலாறு இருக்கிறது. பிளாக்பர்ன் காலத்தில் சுவர் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்ட இடத்தில் இவ்வீதிகள் வந்தன. உள்ளே உள்ள மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்தப் பணியில் ஈடுபட்ட நில அளவையாளர், மேஸ்திரி ஆகியோரின் பெயரைக் கொண்டவை. கோட்டையின் ஒரு துண்டு பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே இன்னும் நிற்கிறது. பேருந்துக்கு ஓடும் கூட்டத்தில் அதைக் கவனிப்பவர் குறைவு.

கடையே நினைவுச்சின்னமாக இருக்கும் இடம் ஒன்றும் மதுரையில் உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான் காந்தி மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். அந்த வீட்டில் இப்போது கதர் அங்காடி நடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்குப் போவது பொருத்தமான வரிசை. அங்கே அவர் சுடப்பட்டபோது அணிந்திருந்த ஆடை காக்கப்பட்டிருக்கிறது.

இரவு உணவுக் கடைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இட்லியும் நாலு வகைச் சட்னியும், கறிதோசையும், கொத்துப் பரோட்டாவும், பருத்திப்பாலும், பாதாம் பிசினும் நன்னாரியும் சேர்ந்த ஜிகர்தண்டாவும் தாமே பேசும். அல்லங்காடிக்கு இருந்த பெருமையை இக்கடைகள்தான் இன்று காப்பாற்றுகின்றன.

வீதிகளுக்கு வெளியே போக நேரமிருப்பவர்களுக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், திருப்பரங்குன்றம், சமண மலை, யானைமலை, கீழடி அருங்காட்சியகம் ஆகியவை உண்டு. திருப்பரங்குன்றம் போகும் வழியில் விளாச்சேரியில் மண்பொம்மை செய்கிறார்கள். நவராத்திரிக்கு முன்பு போனால் கொலு பொம்மைகளை வண்ணம் காயுமுன்பே பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

கட்டடத்தோடு கடைவீதியையும் மரபாகக் கொள்வது புதிய யோசனை அல்ல. ஜெய்ப்பூர் நகரம் 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபோது அதன் வீதித் திட்டமும் பஜார்களும் கைத்தொழில் மரபும் சேர்த்தே மதிப்பிடப்பட்டன. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இயங்கும் இயற்கைச் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்கவும் அங்கே உள்ளவர்களை இடம் மாற்றாதிருக்கவும் வழி சொல்கிறது. கோயிலைச் சுற்றிப் பூவும் வளையலும் பொம்மையும் விற்று அமர்ந்திருப்போருக்கு இந்தச் சட்டம் பொருந்தும். மதுரை மாநகராட்சி இந்த வீதிகளின் தொழில்களைத் தெருவாரியாகப் பதிவு செய்ய வேண்டும். எந்தத் தெருவில் எந்தத் தொழில், எத்தனை பட்டறை, எத்தனை தலைமுறை என்ற பட்டியல் கையில் இருந்தால்தான் அடுத்த முறை ஒரு மண்டபத்தையோ சந்தையையோ காலி செய்யும்போது இழப்பு எவ்வளவு என்று தெரியும். அந்தப் பணியை அடுத்த சித்திரைத் திருவிழாவுக்கு முன்பே தொடங்க வேண்டும்.